விளக்கு வைத்த பிறகு கல்லூரி

தென் கல்கத்தாவில் ஹாஜ்ரா சந்திப்புக்கு அருகே ஒரு கல்லூரிக் கட்டிடம் இருக்கிறது. லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும் ராஸ்பிஹாரி அவென்யூவிலும் குடியிருந்து பழகிய நம்மவர்க்கு அது தெரியாத இடமன்று. டிராமில் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டதுதான். அந்தக் கட்டிடத்திற்கு நாளொன்றுக்கு மூன்று பெயர்கள். விடியற்காலையில் அது பெண்கள் பயிலும் ஜோகமாயா தேவி கல்லூரி. பகலில் ஆசுதோஷ் கல்லூரி. விளக்கு வைத்த பிறகு சியாமாபிரசாத் கல்லூரி. வாயிற்படி ஒன்று, மாடிப்படி ஒன்று, கரும்பலகையும் ஒன்றே. காலையில் வரலாறு எழுதிய பலகையில் மாலையில் கணக்குப் பதிவியல் எழுதுகிறார்கள்.

இதில் பகல் கல்லூரிதான் மூத்தது; 1916இல் தோன்றியது. மகளிர் பிரிவு 1932இலும், வணிகவியலுக்கான மாலைப் பிரிவு 1945இலும் சேர்ந்தன. பின்னர் மூன்றும் தனித்தனிப் பெயர் பூண்டன. ஆமர்ஸ்ட் தெருவில் உள்ள சிட்டி கல்லூரியின் கதையும் ஏறக்குறைய இதுவே: காலைப் பிரிவு ராம்மோகன் பெயரையும் மாலைப் பிரிவு ஆனந்தமோகன் பெயரையும் பெற்றன. இடநெருக்கடியால் வந்த ஏற்பாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இடநெருக்கடி மட்டுமே காரணமாயின், மாலைப் பிரிவில் வந்து உட்கார்ந்தவர்கள் யார், அவர்கள் பகலில் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. அவர்கள் டல்ஹௌஸி சதுக்கத்துக் காரியாலயங்களில் பேரேடு எழுதிக்கொண்டும், தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்துகொண்டும் இருந்தவர்கள்.

ஊரை விட்டு வந்த தமிழர்களாகிய நமக்கு இந்த மாலை வகுப்பின் வரலாறு வீட்டு வரலாறு போன்றது. பள்ளி இறுதித் தேர்வு, தட்டெழுத்தில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹையர் என்று மூன்று சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் அனுப்பவும் முடிந்தது. ஆனால் அடுத்த படிக்குப் போவதற்கு ஒரு பட்டம் வேண்டும் என்றபோதுதான் சங்கடம் தோன்றியது. காரியாலயமும் பத்து மணிக்கு, கல்லூரியும் பத்து மணிக்கு! சம்பளம் வேண்டியவனுக்குப் பட்டம் இல்லை. பட்டம் வேண்டியவனுக்குச் சம்பளம் இல்லை. இந்த இரண்டு பத்து மணிகளையும் யார், எப்பொழுது, எவ்வாறு பிரித்து வைத்தார்கள் என்பதே நாம் இங்கே சொல்லப் புகுந்த செய்தி.

தொடக்கத்தை 1857ஆம் ஆண்டில் வைக்க வேண்டும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் அவ்வாண்டில் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பட்டன. மூன்றும் லண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து வார்க்கப்பட்டவை; அதாவது, பாடம் நடத்தாமல் பரீட்சை மட்டும் நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகள். பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. மாணவன் அத்தகைய கல்லூரியில் படித்தான் என்ற சான்றிதழ் இருந்தால்தான் பரீட்சை எழுத இடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நாம் பார்த்து எழுதிய அந்த மூலப் படியையே லண்டன்காரர்கள் மறு ஆண்டில் திருத்திவிட்டார்கள். 1858ஆம் ஆண்டின் புதிய சாசனத்தின்படி, கல்லூரிக்குப் போகாதவரும் லண்டன் பட்டத்திற்கு எழுதலாம் என்றாயிற்று. நம் நாட்டில் பழைய விதியே நின்றது. பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் சில இடங்களில் விலக்கு அளித்தார்கள். மற்ற உத்தியோகஸ்தர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஓராண்டு முன்னதாக அவசரப்பட்டதால் வந்த வினை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கல்லூரி என்றால் நேரில் இருந்து கற்பது என்ற எண்ணம் அந்நாளைய ஆட்சியாளர்க்கும் நம் பெரியவர்களுக்கும் ஆழமாகவே இருந்தது. அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அந்த விதிக்குள்ளேயே வழி கண்டவர்களும் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் 1832இல் பிறந்த முத்துசுவாமி ஐயர், தந்தையை இழந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய் சம்பளத்தில் சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். அவருடைய கூர்மையைக் கண்ட தாசில்தார் ஒருவர் கைகொடுத்ததனால் சென்னைக்குச் சென்று படித்தார், வக்கீல் பரீட்சையில் தேறினார், முன்சீப் ஆனார். பின்னர் நீதித் துறையில் பதவி வகித்துக்கொண்டே சட்டப் பட்டமும் பெற்றார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் அவர். இந்த வரலாற்றை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவருடைய உழைப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தத் தாசில்தாரையும் சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் கணக்கருடைய உதவியாள் கணக்கராகவே முடிந்திருக்கக் கூடும். ஒரு தனி மனிதருடைய தயவை நம்பிக் கிடந்த காரியம், பொதுவான ஏற்பாடாக மாற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

காரியாலயத்தையும் கல்வியையும் ஒரே நாளில் அடக்கிக் காட்டியவர் என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அவர் பட்டத்திற்காகப் படித்தவர் அல்லர்; சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறிய பிறகே உத்தியோகத்திற்கு வந்தவர். ஆயினும் அவரை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1907ஆம் ஆண்டில், நிதித் துறையின் போட்டிப் பரீட்சையில் வெற்றி பெற்று, உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த சி. வி. ராமனுக்கு அப்பொழுது வயது 18தான். டிராமில் போய்வரும் வழியில், பௌபஜார் தெரு 210ஆம் எண் வீட்டில், இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப் பலகையைக் கண்டார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய கழகம் அது. அங்கே மாலை வேளைகளில் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடந்து வந்த காலம் ஒன்று உண்டு. ராமன் போனபோது கருவிகள் இருந்தன. அவற்றைத் தொடுவார்தான் அதிகம் இல்லை.

அன்று தொடங்கி, விடியற்காலையில் கழகத்தின் ஆய்வுக் கூடம், பத்து மணிக்குக் காரியாலயம், ஐந்து மணிக்குமேல் மறுபடியும் ஆய்வுக் கூடம், இரவில் வீடு என்று அவருடைய நாள் அமைந்தது. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானபோது வீட்டையே ஆய்வுக் கூடமாக்கிக்கொண்டார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்று, குறைந்த சம்பளத்திற்கு மனமொப்பி, அரசாங்க உத்தியோகத்தை உதறினார். பத்தாண்டுக் காலம் இரட்டை வாழ்வு வாழ்ந்திருக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கழகத்தின் கதவு காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அவருக்குத் திறந்திருந்தது. அங்கே இருந்த ஆசுதோஷ் டே என்ற ஊழியர் கதவைத் திறக்கச் சலித்துக்கொண்டிருப்பாராயின், நம்முடைய வரலாறு வேறு விதமாகப் போயிருக்கும். ராமனைப் பற்றிய புத்தகங்களில் இவர் பெயருக்குச் சில வரிகள் கிடைத்திருக்கின்றன. அதுவே நமக்கு ஆறுதல்.

இனிப் பம்பாய்க்கு வருவோம். மாலை வகுப்பும் காலை வகுப்பும் இன்ன மனிதர்களுக்காக என்று வெளிப்படையாக நினைத்து அமைக்கப்பட்டது அங்கேதான் என்பது நம்முடைய கருத்து. டாக்டர் அம்பேத்கர் 1945ஆம் ஆண்டு ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு ஜூன் 20ஆம் நாள் சித்தார்த்தக் கல்லூரி திறக்கப்பட்டது. யுத்தம் முடிந்து காலியான ராணுவக் கொட்டகைகளில் முதல் வகுப்புகள் நடந்தன. கல்லூரி பின்னர்க் கோட்டைப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. அதன் வகுப்புகளைக் காலை வேளையில் வைத்தார்கள். காரியாலயங்கள் திறப்பதற்குள் பாடங்கள் முடிந்துவிடும். கோட்டைப் பகுதியிலிருந்து பெரும்பாலான காரியாலயங்கள் நடக்கும் தூரம்.

இந்த ஏற்பாட்டின் அருமை, அதை அமைத்தவருடைய வாழ்க்கையை அறிந்தவர்களுக்கே நன்கு புலப்படும். லண்டனில் பாதியில் விட்டு வந்த படிப்பை முடிப்பதற்காக, 1918 முதல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1920இல் மறுபடியும் கப்பலேறியவர் அவர். வேலையும் படிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அவருக்கு வாய்த்தன; இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடிய கல்லூரியை அவர் பிறருக்காகக் கட்டினார். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பை நிறுத்தாமல் சம்பாதிக்க வழி வேண்டும். சம்பாத்தியத்தை நிறுத்தாமல் படிக்கவும் வழி வேண்டும். தாழ்த்தப்பட்ட மக்களை மனத்தில் வைத்து எழுந்த அந்தக் கல்லூரி எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்தே இருந்தது. பியூனாக வேலை பார்த்தவரும் அவர் கொண்டுபோய் வைத்த கோப்பில் கையெழுத்திட்ட குமாஸ்தாவும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடிய இடம் என்று அதைச் சொல்லலாம். வணிகவியலுக்கு 1953இலும் சட்டத்திற்கு 1956இலும் சித்தார்த்தப் பெயரிலேயே தனிக் கல்லூரிகள் ஏற்பட்டன. மாதுங்காவிலிருந்தும் சயானிலிருந்தும் அதிகாலை மின்சார ரயிலில் கோட்டைக்குப் போன தமிழ் இளைஞர்களுக்கு, கூட்டம் சேர்வதற்கு முன் உட்கார இடம் கிடைத்தது ஓர் உபரி இலாபம்.

தில்லியின் கதை வேறு. 1911இல் தலைநகராக அறிவிக்கப்பட்டு, 1931இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்ட பிறகுங்கூட, அது குமாஸ்தாக்களுக்குப் படிப்பூராக அமையவில்லை. பல்கலைக் கழகம் 1922இலேயே ஏற்பட்டதுதான். ஆனால் அது வடக்கே இருந்தது; செக்ரடேரியட் தெற்கே ரைசினாக் குன்றின்மேல் இருந்தது. இதைவிடப் பெரிய இடையூறு ஒன்றும் உண்டு. வெயில் காலம் வந்தால் அரசாங்கம் மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்கு ஏறிவிடும். கோப்புகளோடு குமாஸ்தாவும், குமாஸ்தாவோடு சில இடங்களில் அவர் குடும்பமும் மலையேறும். ஆண்டில் பாதி ஓர் ஊரிலும் பாதி வேறோர் ஊரிலும் வாழ்பவன் எந்த மாலைக் கல்லூரியில் சேர்வான்? இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்த வழக்கம் தளர்ந்து நின்ற பிறகுதான், தில்லிக் குமாஸ்தாவின் மாலைப் பொழுது ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நின்றது.

அதற்குள் பஞ்சாபில் ஒரு குறுக்கு வழி திறந்திருந்தது. பஞ்சாப் பல்கலைக் கழகத்தில் ஹிந்தியில் பிரபாகர், பஞ்சாபியில் கியானி போன்ற மொழித் தேர்வுகள் உண்டு. அவற்றில் தேறியவர் பின்னர் ஆங்கிலப் பாடத்தை மட்டும் எழுதியே மெட்ரிகுலேஷன், இண்டர்மீடியட், பி.ஏ. என்று ஏறிப் போகலாம். கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. நேர் ரயிலை விட்டுவிட்டுச் சுற்றுவழி ரயிலில் போவதைப் போன்றது என்பதனால், அந்தப் பட்டத்திற்கு ‘வயா பட்டிண்டா’ என்ற கேலிப் பெயர் வைத்தார்கள். கேலி செய்தவர்களுக்கு நேர் ரயிலுக்கு டிக்கெட் வாங்கப் பணம் இருந்தது, அவ்வளவுதான். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவனின் பட்டம் சற்று மட்டமானது என்ற ஏளனம் அன்றே தொடங்கிவிட்டது என்பதை இந்தக் கேலிப் பெயர் நமக்குத் தெரிவிக்கிறது.

1947இல் நாடு பிரிந்தது. லாகூர்ப் பல்கலைக் கழகம் எல்லைக்கு அப்பால் போயிற்று. இந்தப் பக்கத்தில் கிழக்குப் பஞ்சாபுக்கென ஒரு புதிய பல்கலைக் கழகம் அவ்வாண்டு அக்டோபரிலேயே உருவாயிற்று. அதற்குக் கட்டிடம் இல்லை. மாணவர்களோ ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களில் பலர் தில்லியில் அகதிகளாகக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு, பாதியில் அறுந்த படிப்பை எப்படி முடிப்பது என்று திகைத்து நின்றார்கள். அவர்களுக்காக அந்தப் பல்கலைக் கழகம் தில்லியில் ஒரு ‘முகாம் கல்லூரி’ நடத்தியது. காரியாலயங்கள் மூடிய பிறகு மாலையில் வகுப்புகள் நடக்கும். ஆசிரியர்களிலும் பலர் வீடிழந்து வந்தவர்கள். வாழ்க்கை தலைகீழாகப் புரண்டபோதுதான் கல்லூரியின் கடிகாரத்தைத் திருப்பி வைக்க முடிந்தது என்பது நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் வருத்தமும் வியப்பும் ஒருங்கே தரும் செய்தி. அமைதியான காலத்தில் குழு அமைத்து, குழுவின்மேல் குழு அமைத்து, பத்தாண்டு பேசியிருப்பார்கள்.

முகாம் கல்லூரி காட்டிய வழியில், 1958இல் தில்லிப் பல்கலைக் கழகத்தின் கல்லூரிகளிலேயே மாலைப் பிரிவுகள் தோன்றின. தயாள் சிங், தேசபந்து முதலிய கல்லூரிகள் அவ்வகையின. இவை வந்த பிறகு கரோல்பாக் மெஸ்களில் இராச் சாப்பாட்டின் நேரமே மாறிப் போயிற்று எனலாம். ஐந்து மணிக்குக் கோப்பை மூடிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, வகுப்பில் உட்கார்ந்து, எட்டரைக்கு மேல் வெளியே வந்து, மறுபடியும் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினால், மெஸ்ஸில் சாதம் இருக்கும். ரசம் இருந்தால் அதிர்ஷ்டம். அப்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

சேர்வதற்கு முன் காரியாலயத்தின் அனுமதியும் பெற வேண்டும். மத்திய அரசாங்க ஊழியர் வேலை நேரத்திற்கு வெளியே படிப்பதற்கும் மேலதிகாரியின் இசைவு தேவை. அலுவலுக்கு இடையூறு நேரும் எனத் தோன்றினால் அந்த இசைவைத் திரும்பப் பெறவும் விதி உண்டு. ஆகவே மாலைக் கல்லூரி மாணவனுக்கு இரண்டு முதல்வர்கள் இருந்தார்கள். கல்லூரி முதல்வருக்கு வருகைப் பதிவு குறையக் கூடாது. செக்ஷன் தலைவருக்கு ஆறு மணிக் கோப்பு நிற்கக் கூடாது. பாராளுமன்றம் கூடும் காலத்தில் கேள்விக்குப் பதில் தயாரிக்க இரவு வரை இருக்கச் சொன்னால், அன்றைய பொருளாதார வகுப்பு போனதுதான். நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள். பரீட்சை மாதத்தில் விடுப்பைக் கேளாமலே கொடுத்தவர்களை நம்மில் பலர் இன்னும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம். இங்கேயும் தஞ்சைத் தாசில்தாரின் வாரிசுகள் இல்லாமற் போகவில்லை.

பல்கலைக் கழகத்திற்கு வெளியிலும் உழைப்பவர்க்கான படிகள் இருந்தன என்பதை விரைவாகச் சொல்லிச் செல்வோம். 1920இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ, பி என்ற இரு பிரிவுத் தேர்வுகளில் தேறியவர், பொறியியல் பட்டம் பெற்றவருக்குச் சமமாக மதிக்கப்பட்டார். ரயில்வே பட்டறைகளிலும் பொதுப்பணித் துறையிலும் பணியாற்றிய எத்தனையோ பேர் இரவில் படித்து இந்தப் படியில் ஏறினார்கள். 2013 மே மாதத்திற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சமன்மை இல்லை என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. 1928இல் ஏற்பட்ட வங்கியாளர் கழகத்தின் தேர்வுகள் வங்கிக் குமாஸ்தாக்களுக்குச் சம்பள உயர்வையே கையில் கொடுத்தன. ஆகையால் அவற்றைப் படிக்குமாறு யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

பெண்களின் நிலை என்ன என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மாலைக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஆண்களின் கல்லூரியாகவே வளர்ந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்பது என்பதை எந்த வீடும் எளிதில் ஒப்பவில்லை. ஆகவே கல்கத்தா பெண்களுக்கு விடியற்காலையை ஒதுக்கியது. தில்லி வேறொரு வழி செய்தது. கல்லூரியில் சேராத பெண்கள் பட்டத் தேர்வு எழுதுவதற்கென 1944இல் தனி வாரியம் அமைத்தது. வார இறுதியில் வகுப்பு நடத்தும் அவ்வாரியம் இன்றும் இயங்கி வருகிறது. இன்னொன்றையும் இங்கே மனம் திறந்து சொல்ல வேண்டும். மணமான ஆண் மாலையில் படித்தபோது, அந்தப் படிப்பின் பாதிச் சுமையை வீட்டில் இருந்தவள் சுமந்தாள். ஒற்றை அறைக் குடியிருப்பில் குழந்தை அழாமல் பார்த்துக்கொண்டதும், சமையலறை விளக்கைப் புத்தகத்திற்கு விட்டுக் கொடுத்ததும் அவளே. பட்டச் சான்றிதழில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருக்கிறது.

மாலைக் கல்லூரியும் எட்டாதவர்கள் இருந்தார்கள். தந்தி அலுவலகத்தில் முறை மாறி வேலை செய்பவர், ரயிலோடு ஓடும் அஞ்சல் பிரிப்போர், கல்லூரியே இல்லாத சிற்றூரில் மாற்றலாகி வந்தவர் ஆகியோர்க்குக் காலையும் நிச்சயமில்லை, மாலையும் நிச்சயமில்லை. இவர்களை எண்ணித்தான் டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த குழு அஞ்சல்வழிக் கல்வியைப் பரிந்துரைத்தது. 1962இல் தில்லிப் பல்கலைக் கழகம் 900 மாணவர்களுடன் அதைத் தொடங்கியது. பாடங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார்கள்; மாணவர் விடைத்தாள் எழுதித் தபாலில் திருப்புவார். கல்லூரிக்கு மணியே இல்லாமற் போயிற்று. தபால்காரர் வரும் நேரந்தான் வகுப்பு நேரம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவும் கோத்தாரியின் தலைமையில் அமைந்ததே. 1986க்குள் உயர்கல்வி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினர் அஞ்சல்வழியிலும் மாலைக் கல்லூரிகளிலும் படிக்க வேண்டும் என்று அது குறி வைத்தது.

தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981இலும் அஞ்சல்வழியில் இறங்கின. வெளி மாநிலத் தமிழருக்கு இது பெரிய வரமாக வந்தது. தில்லி அஞ்சல் பாடங்கள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமே இருந்தன. பாண்டூப்பிலும் பிலாயிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஊரிலிருந்து வந்த உறையைப் பிரித்துத் தமிழிலேயே வரலாறு படித்துப் பட்டம் பெறலாம் என்ற நிலை, அதற்கு முந்திய தலைமுறைக்குக் கனவிலும் வராதது. 1982இல் ஆந்திரத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 1985இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் எழுந்தன.

கதவுகள் பெருகியபோது ஏளனமும் கூடவே வந்தது. ‘தபால் பட்டம்’ என்றார்கள்; ‘வயா பட்டிண்டா’வின் பேரப்பிள்ளை அது. ஏளனத்திற்கு இடமே இல்லை என்று நாம் வாதாடப் போவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு பாடத்தை மறந்த நிறுவனங்களும் நடுவே முளைத்தன. ஆய்வுக்கூடப் பயிற்சி வேண்டிய பாடத்தை உறையில் வைத்து அனுப்ப முடியாது. உரிய அனுமதியின்றி அஞ்சல்வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் செல்லாதவை என்றதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆயினும் நேர்மையாக நடந்த படிப்பும் அதே தராசில் ஏறி எடை குறைந்ததுதான் குறை. 2022 செப்டம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணைய வழியிலும் வழங்கும் பட்டங்கள் நேர்முறைப் பட்டங்களுக்குச் சமமானவை என்று அறிவித்தது. ‘வயா பட்டிண்டா’ என்று சிரித்த காலத்திற்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஒரு வாழ்நாளுக்குரிய ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் நேர்முகத் தேர்வுகளில் தலை குனிந்து ‘மாலைக் கல்லூரி’ என்று சொன்னவர்களுக்கு அறிவிப்பை அனுப்ப முகவரி இல்லை.

மாலைக் கல்லூரிகளோ தம் முகத்தை மெல்ல மாற்றிக்கொண்டன. இன்று அவற்றில் இருப்பவர்களில், பகல் கல்லூரியில் இடம் கிடைக்காமல் வந்த இளைஞர்கள் நிறையப் பேர். காரியாலயத்திலிருந்து வருபவருக்கு ஐந்து மணிக்குள் நகரத்தைக் கடப்பதே அரிதாகிவிட்டது. அவர் கைப்பேசியில் பாடம் கேட்கிறார். சில மாலைக் கல்லூரிகள் பகல் கல்லூரிகளாகவே ஆகிவிட்டன. அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம்.

1958இல் தில்லி கால்காஜியில் தொடங்கிய தேசபந்து மாலைக் கல்லூரிக்குப் பிற்காலத்தில் பெயர் மாற்றினார்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சையில் கணக்குத் தவிர்த்த பாடங்களில் தவறி, பட்டமில்லாமல், 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பேரேட்டு வேலை முடிந்த நேரத்தில் தம் கணிதத்தை எழுதிக்கொண்டிருந்தவருடைய பெயர் அது. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்து, காரியாலயத்திலிருந்து விடுவித்தது. கால்காஜிப் பக்கம் போகும் தமிழர்கள் பலகையைப் பார்க்கலாம்: ராமானுஜன் கல்லூரி. வகுப்புகள் இப்பொழுது பகலில் நடக்கின்றன.